கல்லடியின் உப்புக்காற்றும் பிறேக் பாட்களும்

கடந்த சனிக்கிழமை, மட்டக்களப்பின் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில், முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரின் பிறேக் பாட்களை நானும் மாமாவும் மாற்றினோம். மணலில் ஜக் புதையும் என்பதால் அடியில் தடித்த பலகை வைத்து, உயர்த்திய காரைத் தாங்கிகளில் இருத்திய பின்னரே சில்லுகளைக் கழற்றினோம்.

முன் இடப்பக்கத்தில் வெளிப்புறப் பாட் 6 மில்லிமீற்றர் மீதமிருக்க, உட்புறப் பாட் 2 மில்லிமீற்றராகத் தேய்ந்திருந்தது. பாட்களைச் சில்லோடு சுழலும் தட்டின் இருபுறமும் அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ஊசி துருவேறி இறுகியதே காரணம். ஒரு புறம் கடலும் மறுபுறம் வாவியுமாக இருக்கும் எங்கள் ஊரில் இதை ஆண்டுதோறும் கழற்றிப் பார்ப்பது அவசியமென்றே கருதுகிறேன். பழைய கிறீஸ் கருகிய பாகுபோல் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, பிறேக்குக்குரிய சிலிக்கோன் கிறீஸ் பூசியதும், ஒற்றை விரலால் தள்ளவே ஊசி ஓடியது.

பின்சில்லுகளில் வேலை வேறு. கைப்பிறேக்கின் பொறிமுறை கலிப்பரினுள்ளேயே அமைந்திருப்பதால், பாட்டைத் தள்ளும் பிஸ்டனை வெறுமனே அமுக்கி உள்ளே தள்ளக் கூடாது. கைப்பிறேக்கைத் தளர்த்தி, கலிப்பரின் பின்புறமுள்ள 14 மில்லிமீற்றர் போல்டைக் கழற்றி, உள்ளேயிருக்கும் திருகை 4 மில்லிமீற்றர் அலன் கீயால் இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் அமைதியாகப் பின்வாங்கும்.

காரை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்தோம். மறுநாள் அதிகாலை, வெறிச்சோடியிருந்த கல்முனை வீதியில், 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் மீண்டும் மீண்டும் வேகம் குறைத்துப் புதிய பாட்களைப் பழக்கினேன்.