தைராய்டு கட்டி: ஊசி குத்துவதா, பொறுத்துப் பார்ப்பதா?

கழுத்து வலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்தது அது. தைராய்டின் வலப்பக்கம் சிறு கட்டி, அல்ட்ராசவுண்ட் பார்க்கவும். எலும்பு டாக்டர் தேய்மானத்தைப் பற்றியே பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது "இதையும் ஒருவாட்டி பாத்துடுங்கம்மா" என்றார்.

ஸ்கேன் எடுத்தேன். 13 மி.மீ., நீர் இல்லாத திடக் கட்டி, சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கருமையாகத் தெரிகிறது, டைராட்ஸ் 4 (புற்றுச் சந்தேகம் எவ்வளவு என்று ஸ்கேனை வைத்துத் தரும் தரம்), எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பது) செய்து ஒப்பிடவும். நான் முதலில் பார்த்த சர்ஜன், "ஊசிதானம்மா, நாளைக்கே பண்ணிடலாம்" என்றார். வீட்டில் அம்மா பதறினார். "கட்டியச் சீண்டக் கூடாதுடி, ஊசி பட்டா பரவிடும்." கொழுந்தனாரோ, "குத்திப் பாத்துட்டா நிம்மதி அண்ணி" என்றார்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் சுலபமாகவே கிடைத்தது. இதற்குப் பயன்படுவது ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது; அதன் வழியே தைராய்டுப் புற்று பரவுவது மிக மிக அரிது. நிம்மதி கிடைக்கும் என்ற வாதம்தான் என்னைக் குழப்பியது.

எண்டோகிரைன் (ஹார்மோன்) டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் ரத்தத்தில் டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், எவ்வளவு என்று பார்த்தார். அது குறைவாக இருந்தால் கட்டியே ஹார்மோன் சுரக்கிறதா என்று வேறொரு ஸ்கேன் எடுப்பார்களாம். அப்படிச் சுரக்கும் கட்டி புற்றாக இருப்பது அபூர்வம். எனக்கு நார்மல். பிறகு ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். திடக் கட்டி என்பதற்கு 2, கருமைக்கு 2. நான்கு முதல் ஆறு மதிப்பெண் வரை டைராட்ஸ் 4. அந்த வகையில் புற்றாக இருக்கும் வாய்ப்பு சுமார் 5 முதல் 20 சதவீதம். அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் 2017 வழிமுறைப்படி இதில் 15 மி.மீ. தொட்டால்தான் ஊசி, 10-க்கு மேல் என்றால் கண்காணிப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார். கட்டி அகலத்தைவிட உயரமாக நின்றாலோ, உள்ளே மணல்போல வெண்புள்ளிகள் இருந்தாலோ மேலும் 3 மதிப்பெண். மொத்தம் 7 ஆனால் அது டைராட்ஸ் 5, அங்கே 10 மி.மீ.யிலேயே ஊசி. அப்போது என் 13 தப்பாது. இந்த இரண்டைப் பற்றியும் என் ரிப்போர்ட்டில் ஒரு சொல்கூட இல்லை! ஸ்கேன் சென்டருக்கே திரும்பப் போய்க் கேட்டேன். ரேடியாலஜிஸ்ட் பொறுமையாக மறுபடி பார்த்தார். படுத்தவாக்கில் இருக்கிறது, விளிம்பு சீராக இருக்கிறது, புள்ளிகள் இல்லை, கழுத்து நெறிக்கட்டிகளும் சரி. இதைக் கேட்டு எழுதி வாங்கியதுதான் இந்த அலைச்சலில் உருப்படியான வேலை என்பேன்.

அடுத்த முறை டாக்டர் கேட்ட கேள்வி: "குத்தி, ரிசல்ட் மூணுன்னு வந்தா என்ன பண்ணுவீங்க டீச்சர்?"

ஊசியில் வந்த செல்களைப் பார்த்துத் தரம் பிரிக்கும் பெதஸ்தா முறையில் பதில் ஆறு வகை. 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்று. 1 என்றால் செல் போதவில்லை, திரும்பவும் குத்த வேண்டும். 3 என்பது இரண்டுங்கெட்டான்: மறுபடி ஊசி, அல்லது மரபணுச் சோதனை, அல்லது பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பது. நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். அந்த அறுவையில் குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. பாதிப்பு அரிதுதான், ஆனால் எனக்குக் குரல்தான் சோறு. சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் அந்த மேசையில் படுக்க மாட்டேன் என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்கே தெரிந்தது.

தென்கொரியாவைப் பற்றியும் சொன்னார். அங்கே பரிசோதனை பரவலாகி, 2011-இல் தைராய்டுப் புற்று கண்டுபிடிப்பு 1993-ஐப் போல 15 மடங்கானது. அதனால் இறந்தவர்கள் எண்ணிக்கையோ மாறவில்லை. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை, 10 மி.மீ.க்குள் இருக்கும், புற்று என்றே உறுதியான கட்டியையும் அறுக்காமல் கண்காணிப்பதை 1993-லேயே தொடங்கிவிட்டது. என்னுடையது அதைவிடப் பெரிது. அதனால் அதையே எனக்குச் சான்றாகக் கொள்ளவில்லை. அவசரம் இல்லை என்பதற்கு மட்டும் அது போதும்.

ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தேன். எல்லோருக்கும் இது சரி என்று சொல்ல மாட்டேன். என் தோழி ஒருத்தி இதே நிலையில் ராத்திரி தூங்காமல் கிடந்தாள்; அவள் குத்திக்கொண்டது அவளுக்கு நியாயம்.

ஓராண்டு கழித்து அதே சென்டரில், அதே ரேடியாலஜிஸ்ட்டிடம் எடுத்தேன். மூன்று அளவுகளையும் எழுதச் சொன்னேன். நீளம் 14 என்று வந்தது. அம்மா முகம் மாறிவிட்டது. இரண்டு அளவுகளாவது 20 சதவீதம், அதுவும் குறைந்தது 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி, ஒரு மில்லிமீட்டர் அளக்கும் கையிலேயே மாறும் என்றார் டாக்டர். மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. 15 தொட்டாலோ, வெண்புள்ளி தெரிந்தாலோ குத்திக்கொள்வதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். கொழுந்தனார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.