முகம் பார்க்காத சாப்பாட்டு ஜன்னல்

கோவிலுக்குள் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாதவள் நான். அப்படிப்பட்டவள், பேச்சையே பெரும்பாலும் துறந்து வாழ்ந்த கார்த்தூசியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினரின் மடத்தைப் பார்க்கக் கிளம்பியதை வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மௌண்ட் கிரேஸ் மடம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஆஸ்மதர்லி கிராமத்துக்குப் பக்கத்தில், காடு அடர்ந்த மலைச்சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது. 1398-இல் தொடங்கியது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் மூடியபோது, 1539-இல் இதுவும் போயிற்று. இப்போது கோபுரம் நிற்கிறது, கோவிலுக்குக் கூரை இல்லை. மழை நேராகப் பீடம் இருந்த இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

மற்ற பெரும்பாலான துறவற சபைகளில் ஒரே கூடத்தில் படுக்கை, ஒரே பந்தியில் சாப்பாடு. 1084-இல் புனித புரூனோ ஆல்ப்ஸ் மலையில் ஆரம்பித்த இந்தச் சபையிலோ ஆளுக்கொரு வீடு. அதில் ஒன்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். இருட்டுக் குகை மாதிரி இருக்கும் என்று நினைத்து நுழைந்தால், கீழே கணப்பு, செபிக்க, படிக்க, படுக்கச் சின்னச் சின்ன அறைகள், மேலே கைவேலைக்கு ஓர் அறை, பின்னால் மதில் சூழ்ந்த தோட்டம், அதன் கோடியில் கழிவறை, அடியில் ஊற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்! நான் முதன்முதலில் குடியிருந்த வாடகை வீட்டில் இதில் பாதிகூடக் கிடையாது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வாசல் பக்கத்தில் இருந்த ஒரு பொந்துதான். சாப்பாடு வைக்கும் ஜன்னல். சுவருக்குள்ளேயே 'ட' மாதிரி மடங்கித் திரும்புகிறது, கொண்டுவந்து வைப்பவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, உள்ளே இருப்பவர் முகம் அவருக்கும் தெரியாது. கையை விட்டுப் பார்த்தேன், கல் சில்லென்று இருந்தது. வெளியே நின்ற கணவர் "என்ன தெரியுது?" என்றார். குரல் வந்தது, ஆள் வரவில்லை. தினமும் எனக்குச் சோறு வருகிறது, யார் கொண்டுவந்தார் என்று பார்க்காமலே நன்றி சொல்லிச் சாப்பிட வேண்டும் என்றால், சரி, அதுவே ஒரு செபம்தானே என்று தோன்றியது.

அப்புறம் மேலே மலையில் இருக்கும் மாதா சிற்றாலயத்துக்கு ஏறினோம், இன்றைக்கும் திருயாத்திரை வருகிற இடம். மூச்சு வாங்கியதில் வழியெல்லாம் நான் பேசவே இல்லை. உள்ளே உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன், அதன் ஐந்து பகுதிகளில் மூன்றாவதான மூன்றாம் தேவ இரகசியத்தில்தான் கணவர் பக்கம் திரும்பி, "குடையைக் கீழேயே விட்டுட்டோமே" என்றேன்.