லென்ஸ் மாற்றாதவருக்கு எதற்கு லென்ஸ் மாற்றும் கேமரா?

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பெட்டியோடு வரும் கிட் லென்ஸைத் தவிர இன்னொரு லென்ஸ் வாங்கும் எண்ணம் உண்டா? இல்லை என்றால், லென்ஸ் மாற்றும் வசதியுள்ள கேமராவை அவர் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. கேமரா பெரிதாக இருந்தால் படமும் நன்றாக வரும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருப்பதால் (கல்யாண மண்டபத்தில் பெரிய கேமராக்காரருக்குத்தானே எல்லோரும் வழிவிடுகிறோம்), இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேமராக்களை ஒப்பிடும்போது முதலில் பேசப்படுவது, ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின் பரப்பு. மலிவான பாக்கெட் கேமராக்களில் நெடுங்காலம் இருந்துவந்த 1/2.3 அங்குல வகைச் சென்சார் ஏறத்தாழ 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும் கொண்டது. ஓர் அங்குல வகை எனப்படுவது 13.2 × 8.8 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ.; ஏபிஎஸ்-சி பெரும்பாலும் 23.5 × 15.6 மி.மீ., கேனானில் மட்டும் சற்றுச் சிறியது. ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மி.மீ. கடைசி வகையின் பரப்பு முதல் வகையைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு. அந்த முதல் வகையைக் கைபேசிகள் ஏறக்குறைய ஒழித்தேவிட்டன. 2010இல் உலகச் சந்தைக்குச் சென்ற டிஜிட்டல் கேமராக்கள் எல்லா வகையும் சேர்த்து 12 கோடியைத் தாண்டியிருந்தன. 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

பரப்பு பெரிதானால் சேரும் ஒளி கூடும், ஒளி கூடினால் படத்தில் நொய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) குறையும் என்பது சரியே. ஆனால் ஒளி சென்சாருக்கு லென்ஸின் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, ஓர் அங்குலச் சென்சாரையும் அகலக்கோணத்தில் எஃப் 1.8 வரை (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது, ஒளியும் அதிகம்) திறக்கும் லென்ஸையும் 240 கிராம் எடைக்குள் அடக்கிக் காட்டியது. 2014இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பின் லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 முதல் 70 மி.மீ. வரை செல்வது (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்), 70 மி.மீ.யிலும் எஃப் 2.8 வரை திறக்கும். இதனோடு ஏபிஎஸ்-சி கேமராவின் வழக்கமான 18-55 கிட் லென்ஸை ஒப்பிட்டால், அது அகலக்கோணத்தில் எஃப் 3.5இல் தொடங்கி, மறுமுனையை நெருங்கும்போது எஃப் 5.6க்குச் சுருங்கிவிடுகிறது.

மாலை மங்கிய பிறகு ஒரு கோயில் மண்டபத்தில் இவ்விரண்டையும் ஒரே ஷட்டர் வேகத்தில் வைத்துப் படமெடுப்பதாகக் கொள்வோம். பாக்கெட் கேமரா எஃப் 2.8இல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வின் அளவு; இதைக் கூட்டினால் நொய்ஸும் கூடும்) 800 கேட்கும் இடத்தில், எஃப் 5.6இல் நிற்கும் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 3200 கேட்கும், அதாவது நான்கு மடங்கு. ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்போ ஓர் அங்குலச் சென்சாரைப்போல் மூன்று மடங்கைச் சற்றே தாண்டியது. ஆகவே பெரிய சென்சாருக்காகக் கொடுத்த பணத்தின் பலன் முழுவதையும் கிட் லென்ஸ் தின்றுவிடுகிறது. பின்னணி மங்கும் அளவிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இராது. எஞ்சும் வித்தியாசம், ஒன்று சட்டைப்பைக்குள் போகும், மற்றது போகாது என்பதுதான். நல்ல வெயிலில் தாழ்ந்த ஐஎஸ்ஓவில் எடுக்கும்போது ஏபிஎஸ்-சியின் மேன்மை ஓரளவு தெரியும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் நன்றாகவே எடுக்கும்.

கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டியதும் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸின் எடை 160 கிராம்தான். கேனான் லென்ஸ்களிலேயே மிக மலிவானவற்றுள் அது ஒன்று. ஆள்படத்தில் முகம் மட்டும் துலங்கிப் பின்னணி கரைந்துபோகும் அந்தத் தோற்றத்தை எந்த ஓர் அங்குலப் பாக்கெட் கேமராவும் இந்த அளவுக்குத் தராது. பூச்சிகளையும் பூக்களையும் நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸும் அப்படித்தான். லென்ஸ் மாற்றும் கேமராவின் நியாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டுக்கும் நடுவே, ஏபிஎஸ்-சி சென்சாரோடு கழற்ற முடியாத ஒரே லென்ஸைப் பொருத்திய கேமராக்கள் இருக்கின்றன: 28 மி.மீ. பார்வை தரும் ரிக்கோ ஜிஆர், 35 மி.மீ. பார்வை தரும் ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100. இவற்றில் ஜூம் கிடையாது. அருகில் வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். தெருவில் படமெடுப்பவர்கள் இவற்றைக் கொண்டாடுவது எனக்குப் புரிகிறது. வீட்டுக்கு ஒரே ஒரு கேமரா என்று தேடுபவருக்கு இவற்றைச் சொல்ல மாட்டேன்.

பறவைகளை எடுக்க விரும்புகிறவர்களின் கண் நிக்கான் பி900 போன்ற, கழற்ற முடியாத நீண்ட ஜூம் லென்ஸ் கொண்ட பிரிட்ஜ் கேமராக்களின் மேல் விழும். 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ.க்கு இணையான எட்டம், எல்லாம் 900 கிராமுக்குள். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று தொலைவில் மரத்திலிருக்கும் நாரையை நிலைக்கண்ணாடி நிரம்பக் காண்பதுபோல் காட்டிவிடும். ஆனால் உள்ளே இருப்பது அதே 1/2.3 அங்குலச் சென்சார். முழு ஜூமில் லென்ஸும் எஃப் 6.5க்குச் சுருங்கிவிடுவதால், மேகம் மூடிய காலையில் இறகுகளின் நுட்பம் குழைந்துபோகும். நிக்கானின் 200-500 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் அந்த நுட்பத்தைக் காப்பாற்றும். அதன் எடையோ கேமரா இல்லாமலேயே 2 கிலோவுக்கு மேல். எந்தப் பறவை என்று அடையாளம் கண்டால் போதும் என்பவருக்கு நான் தயங்காமல் பிரிட்ஜ் கேமராவையே சொல்வேன்.

லென்ஸ் மாற்றுவது என்று முடிவெடுத்தவர் கேமராவைவிட, லென்ஸைப் பூட்டும் வாயான அதன் மவுன்ட்டைத்தான் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேனானின் பழைய ஈஎஃப் மவுன்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ.; லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவிலிருந்த கண்ணாடியை நீக்கிவிட்ட மிரர்லெஸ் வரிசைக்காக 2018இல் வந்த ஆர்எஃப் மவுன்ட்டில் அது 20 மி.மீ. இடையில் ஓர் அடாப்டர் வைத்துப் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தலாம் என்பதால், பழைய ஈஎஃப் லென்ஸ்களில் போடும் பணம் வீணாகாது. புதிய லென்ஸைப் பழைய கேமராவில் பொருத்த வழியில்லை.

பாக்கெட் கேமராவைப் பழையதாக வாங்குபவர்கள் நீண்டு சுருங்கும் லென்ஸ் குழலைப் பலமுறை இயக்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் கடற்கரை மணல் முதலில் சிக்குவது அங்கேதான். பிறகு எஃப் 11இல் ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், உள்ளே நுழைந்த தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். லென்ஸைக் கழற்ற முடிந்தால் சென்சாரை நாமே துடைத்துவிடலாம். இதிலோ முழுக் கேமராவையும் பிரித்தாக வேண்டும் என்பதால், புள்ளி தெரிந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.