பழைய லைனை வெட்டாமல் ஃபைபருக்கு மாறினோம்

வீட்டு நெட் கம்பெனியை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். தொலைபேசிக் கம்பியில் வந்துகொண்டிருந்த பழைய பிராட்பேண்டை விட்டுவிட்டு வேறொரு கம்பெனியின் ஃபைபருக்கு மாறி எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மாறியது நல்ல முடிவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி, ஆள் வந்தான், பெட்டியை மாட்டினான், வேகம் வந்துவிட்டது என்று முடிகிற வேலை இல்லை இது. காசு கொடுத்து வாங்கும் வேகத்தில் பாதி நம் வீட்டுக்குள்ளேயே காணாமல் போகலாம். புது லைன் நிலைப்படுவதற்குள் பழையதை வெட்டிவிட்டால் நெட்டே இல்லாமல் உட்கார வேண்டியிருக்கும்.

முதலில் பழைய லைனை ஒழுங்காக அளந்தேன். வைஃபையில் இல்லை, லேப்டாப்பை மோடத்தோடு வயரில் இணைத்து. வைஃபையில் அளந்தால் லைன் மெதுவா வைஃபை மெதுவா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. காலை, மதியம், ராத்திரி என்று சில நாள் அளந்து டவுன்லோடு, அப்லோடு, பிங் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) மூன்றையும் குறித்துவைத்தேன். 24 எம்பிபிஎஸ் என்று சொன்ன பிளானில் எந்த நேரம் பார்த்தாலும் 14, 15 தான் வந்தது. இது ஒரு முக்கியமான துப்பு. எல்லா நேரமும் ஒரே மாதிரி குறைவாக வந்தால் பெரும்பாலும் கம்பியின் நீளமோ தரமோ காரணம். காப்பர் கம்பியில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட சிக்னல் தேய்ந்துகொண்டே வரும், அந்த 24 என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கிற உச்சம். மாறாக, பகலில் நன்றாக இருந்து ராத்திரி மட்டும் படுத்துவிட்டால் அது நெரிசல். நெரிசல் என்றால் மாறப்போகும் கம்பெனியிலும் அதே கதை இருக்கலாம், எனவே அவர்களிடம் இணைப்பு வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் ராத்திரி நேரத்தில் அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

எங்களுக்கு உண்மையான தலைவலி டவுன்லோடு இல்லை, அப்லோடு. ஒரு எம்பிபிஎஸ் கூட வராது. மனைவி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவள், மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிடும். கவனித்துப் பார்த்தால், வீட்டில் யாராவது ஒருவரின் ஃபோன் அந்த நேரத்தில் எடுத்த படங்களை எல்லாம் பேக்கப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அப்லோடு நிரம்பிவிட்டால் மோடத்தில் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், வரிசையில் காத்துக் கிடக்கும், அந்த வரிசைக்குப் பின்னால் மீட்டிங்கின் குரலும் சேர்ந்து நிற்கும். சும்மா இருக்கும்போது 30 மில்லிசெகண்ட் காட்டுகிற பிங் அப்போது 600க்கு மேல் போகும். டவுன்லோடை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் இது தீராது. அதனால் புது கம்பெனிகளிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அப்லோடும் டவுன்லோடும் ஒரே அளவா என்பதுதான். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது எப்போதும் டவுன்லோடு மட்டுமே, அப்லோடு எவ்வளவு என்பதை நாம் கேட்டு வாங்க வேண்டும். மாதாந்திர டேட்டா வரம்பு இருக்கிறதா, தாண்டினால் வேகம் எதற்கு இறங்கும் என்பதும் அப்படித்தான்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் இதில் ஏமாந்த மாதிரி உணர்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். ஃபைல் டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆக நூறு எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12.5 மெகாபைட் வந்தாலே முழு வேகம் வருகிறது என்று அர்த்தம்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது வேகத்தைப் பற்றிக் கேட்டதைவிட, லைன் அறுந்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்றுதான் அதிகம் கேட்டேன். வேகத்தை யாரும் எழுதிக் கொடுத்துவிடலாம். அறுந்த லைனை அன்றைக்கே வந்து ஒட்டிக் கொடுக்கிற கம்பெனிதான் நல்ல கம்பெனி, இது என் தீர்மானமான கருத்து.

இணைப்புக் கொடுக்க வந்த தம்பி நன்றாக வேலை தெரிந்தவர். ஃபைபர் ஒட்டுவதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன், பார்க்கப் பார்க்க ஆச்சரியம். கருப்பு உறையை உரித்து, உள்ளே இருக்கும் பூச்சையும் சுரண்டி எடுத்தால் முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை வருகிறது. 125 மைக்ரான் தடிமன், ஒளி போவது அதன் நடுவில் ஏறத்தாழ 9 மைக்ரான் அளவுக்குள் மட்டும். அதை ஆல்கஹால் துடைப்பானால் துடைத்து, ஒரு சின்னக் கருவியில் வைத்து நுனியை நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினுக்குள் இரண்டு நுனிகளையும் எதிரெதிரே படுக்க வைத்தார். திரையில் இரண்டும் தூண் போலப் பெரிதாகத் தெரிந்து, தானாக நகர்ந்து நேர்கோட்டுக்கு வந்து, ஒரு மின்பொறியில் உருகி ஒன்றானது. மேலே ஒரு குழாயைத் தள்ளிச் சூடு காட்டி மூடிவிட்டார். அப்புறம் பவர் மீட்டரில் வைத்துப் பார்த்தார், மைனஸ் 20 டிபிஎம் (வந்து சேரும் ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு). இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துவையுங்கள், பின்னால் உதவும். ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண ஜிபான் இணைப்பில் மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும், 27ஐ நெருங்க நெருங்க லைன் தடுமாறும்.

அவரோடு ஒரே ஒரு விஷயத்தில்தான் இழுபறி. வைஃபை ரவுட்டரும் சேர்ந்த ஃபைபர் பெட்டியை வாசல் பக்கத்துச் சுவரிலேயே மாட்டிவிடலாம் என்றார். "இங்கேயே வச்சா சீக்கிரம் முடிஞ்சிரும் சார், வைஃபை எல்லா ரூமுக்கும் போகும்." வேண்டாம் தம்பி, வயரைக் கூடத்தின் நடுப்பகுதி வரைக்கும் கொண்டுவாங்க, கூடுதல் வயருக்கு ஆவதை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஃபைபருக்கு இருபது மீட்டர் கூட ஓடுவது ஒரு பொருட்டே இல்லை. வைஃபைக்கு ஒரு சுவர் கூட வந்தால் அது பெரிய இழப்பு. மாட்டுகிற நாளில் இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு எந்தக் கம்பெனியும் சும்மா வந்து இடம் மாற்றித் தராது. மூலையில் வயரை மடக்காமல் வளைத்து ஓட்டச் சொல்வதும் முக்கியம், இறுக்கி மடித்தால் ஒளி அந்த இடத்தில் வெளியே கசிந்துவிடும்.

நாங்கள் எடுத்தது 200 எம்பிபிஎஸ், அப்லோடும் அதே. பெட்டியில் நேராக வயர் போட்டு அளந்தால் 200 வந்தது. மனைவியின் வேலை அறைக்கு ஏற்கெனவே சுவருக்குள் ஓடியிருந்த லேன் வயரில் அளந்தால் 94. திரும்பத் திரும்ப அளந்தாலும் 94தான், 93 இல்லை, 96 இல்லை. இப்படி 94இல் சுவர் கட்டின மாதிரி நின்றால் கம்பெனிக்குப் போன் போட வேண்டிய அவசியமே இல்லை. வழியில் எங்கேயோ ஒரு இணைப்பு 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது, அதில் ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேர்ந்து போகும் முகவரி மாதிரி விவரங்களுக்கு ஆவது போக மிச்சம் 94. லேன் வயருக்குள் எட்டுக் கம்பி இருக்கும், 100 மெகாபிட்டுக்கு நாலு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் சேர வேண்டும். சுவர் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால், முன்பு வேலை செய்தவர் நாலு கம்பியை மட்டும் முனையில் சேர்த்து மீதி நாலை வெட்டி மடக்கிவிட்டிருந்தார். பழைய 15 எம்பிபிஎஸ் லைனில் இது வெளியே தெரிய வழியே இல்லை. எட்டையும் சேர்த்துப் புது முனை போட்டதும் அந்த அறையிலும் முழு வேகம். பழைய ரவுட்டரையே தொடர்ந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் அதன் போர்ட் ஜிகாபிட்டா என்று பார்த்துவிடுங்கள், பல மலிவு ரவுட்டர்களில் 100 தான் இருக்கும்.

வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே புது ரவுட்டரிலும் போட்டேன், வீட்டில் உள்ள எல்லாக் கருவியும் ஒன்றும் கேட்காமல் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. பிரிண்டர், கேமரா மாதிரி சிலது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும், அதனால் ரவுட்டரில் அந்த அலைவரிசையை அணைத்துவிடக் கூடாது. ஃபோன், லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான் வேகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது பலவீனம்.

இப்போது பழைய லைனுக்கு வருகிறேன். புது லைன் வந்த அன்றைக்கே பழையதை நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டில் பேச்சு, எதற்கு இரண்டு பில் என்று. ஒரு மாதமாவது இரண்டும் ஓடட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அந்த ஒரு பில் வீண் போகவில்லை. கொஞ்ச நாளிலேயே புது லைன் மாலை நேரங்களில் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. மனைவி பழைய மெதுவான லைனில் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் மீட்டிங்கைச் சமாளித்தாள், நான் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டினேன். எப்போது கூப்பிட்டாலும் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்பார்கள், செய்தாகிவிட்டது என்றால் வைஃபை பிரச்சினையாக இருக்கும் என்பார்கள். கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு வரி இருக்கும், அதில் மைனஸ் 29 காட்டியது. மாட்டிய அன்று மைனஸ் 20, இப்போது மைனஸ் 29, வயரில் அளந்த தேதி, நேரம், விட்டுப்போன நிமிடங்கள் இவை என்று படத்தோடு அனுப்பியதும், அதற்கு மேல் யாரும் ரீஸ்டார்ட் என்று சொல்லவில்லை. ஆள் வந்து தெருமுனை விநியோகப் பெட்டியைத் திறந்து, எங்கள் பச்சை நிறக் கனெக்டரைக் கழற்றி, முனையில் படிந்திருந்த தூசியைத் துடைத்து மாட்டினார். திரும்ப மைனஸ் 20. அவ்வளவுதான், அதன்பிறகு அந்தத் தொந்தரவு வரவே இல்லை. (கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்து யாரும் பார்க்காதீர்கள். உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, தெரியவில்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று ஆகாது.)

வாசல் கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியாமல் போனது இன்னொரு சங்கதி. பழைய கம்பெனியில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நேராகக் கேமராவுக்கு அனுப்பும் அமைப்பு) வைத்திருந்தேன், புதியதில் அதே அமைப்பைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ரவுட்டரின் வெளி முகவரியை (ஐபி) பார்த்ததும் புரிந்தது, 100.64 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கும் முகவரிகள் நெட் கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்குக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ள 2012இல் ஒதுக்கப்பட்டவை. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள், வெளியிலிருந்து நம் வீட்டைத் தேடி வருகிற எதுவும் உள்ளே நுழைய முடியாது. நெட்டில் படம் பார்ப்பவர்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. கேமரா, வீட்டு சர்வர், சில ஆன்லைன் கேம் என்று வைத்திருப்பவர்கள் மட்டும் தனிப் பொது ஐபி கிடைக்குமா, ஐபிவி6 (ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுக்க இடமுள்ள புது முகவரி முறை) உண்டா என்று சேரும் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. நான் தனி ஐபிக்குக் கட்டணம் கட்டாமல், கேமராவை வெளியே நோக்கித் தானே இணைப்பு எடுக்கிற விபிஎன் முறைக்கு மாற்றிவிட்டேன்.

மின்சாரம் போனால் ஃபைபர் பெட்டியும் அணைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய காப்பர் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்துகொண்டிருந்தது, வீடு இருட்டாக இருந்தாலும் போன் பேசலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடு என்றால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

பழைய கம்பெனி கொடுத்த மின்னஞ்சலில்தான் வங்கி, காப்பீடு என்று அப்பாவின் கணக்குகள் எல்லாம் பதிவாகியிருந்தன. அதை ஒவ்வொன்றாக வேறு முகவரிக்கு மாற்றி முடித்த பிறகுதான் பழைய இணைப்பை நிறுத்த எழுதினேன். போனில் சொன்னால் போதும் என்றார்கள், நான் எழுத்திலேயே கொடுத்து அதற்கான பதிவு எண்ணை வாங்கிக்கொண்டேன். மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, அந்த எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கினேன். அடுத்த மாதம் மோடம் திரும்ப வரவில்லை என்று கட்டணம் போட்டு ஒரு பில் வந்தது, ரசீதின் நகலை அனுப்பியதும் ரத்து செய்துவிட்டு டெபாசிட்டையும் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோ டெபிட்டை மட்டும் அந்தக் கடைசி பில் தீரும்வரை காத்திருக்காமல் வங்கியில் முன்னதாகவே நிறுத்தியிருந்தேன், இல்லாவிட்டால் பணம் போன பிறகு கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இப்போது மிச்சம் இருப்பது பின்பக்க அறை ஒன்றுதான். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவில்லை, 40, 50 தான் வருகிறது. வைஃபை ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார்கள், சாதாரண ரிப்பீட்டர் வாங்குவதையும் கொடுப்பதையும் ஒரே அலைவரிசையில் செய்வதால் வேகம் பாதியாகும். அதற்குப் பதில் எட்டுக் கம்பியும் சேர்ந்த ஒரு லேன் வயரை அங்கே இழுத்து, முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வயரில் வரும் நெட்டை அங்கேயே வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைப்பதாக இருக்கிறேன்.