மூன்றாவது ஆல்டர்நேட்டரில்தான் விளக்கு அணைந்தது

பழைய சிறிய காருக்கு ஆல்டர்நேட்டர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை நிரப்பும் பாகம்) மாற்றுவது அரை நாள் வேலை என்றுதான் நான் கணக்கிட்டிருந்தேன். ஆனால் அதற்கு ஐந்து வாரங்கள் ஆயின. வாங்கிய இரண்டு ஆல்டர்நேட்டர்கள் பயன்படாமல் போயின. அவற்றுக்கும் முன்பே, தேவையில்லாத ஒரு புதிய பேட்டரிக்குப் பணம் கொடுத்திருந்தேன். அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இரவில் வண்டி ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் மட்டும் ஓடியபடி) நிற்கும்போது முகப்பு விளக்குகள் மங்கின. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மெல்லிதாக எரிந்துகொண்டே இருந்தது. பணிமனையில் மீட்டர் வைத்துப் பார்க்காமலேயே பேட்டரி பழையதாகிவிட்டது என்றார்கள். நானும் நம்பி மாற்றினேன். ஒன்பதாம் நாள் காலையில் வண்டி மறுபடியும் ஸ்டார்ட் ஆகவில்லை. அதன் பிறகுதான் நானே மல்டிமீட்டர் வாங்கி அளந்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். எனக்குக் கிடைத்தது 12.1 வோல்ட். ஆக்சிலரேட்டரை மிதித்தும் அது ஏறவில்லை. இரண்டு நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் பேட்டரியின் விலை மிஞ்சியிருக்கும்.

ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் தடித்த வயரையும் எர்த் இணைப்பையும் சோதித்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் பிரஷையும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் மாற்றிப் பழையதையே ஓட்டலாம் என்பதால், கழற்றியவுடன் அதையும் பார்த்தேன். என் ஆல்டர்நேட்டரில் பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங் பள்ளம் விழுந்து, பேரிங் உறுமி, உள்ளே சுருள் கருகியிருந்தது. அதைச் சரிசெய்வதில் பொருளில்லை.

உதிரிபாகக் கடையில் கார் மாடலையும் ஆண்டையும் மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்கள். கையோடு கொண்டுபோயிருந்த பழைய ஆல்டர்நேட்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று நான் சொன்னதற்கு, "இந்த மாடலுக்கு எல்லாம் ஒன்றுதான்" என்று விற்பனையாளர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே பெட்டியைப் பிரித்து நானே ஒப்பிட்டிருக்க வேண்டும். வீட்டில் பிரித்தபோது போல்ட் துளைகள் சரியாக இருந்தன. ஆனால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் நான்கு பள்ளங்கள், என் பெல்ட்டிலோ ஐந்து வரிகள். அந்த மாடலில் ஏசி உள்ள வண்டிக்கு ஒன்றும் ஏசி இல்லாத வண்டிக்கு வேறொன்றுமாக ஆல்டர்நேட்டர் பொருத்தப்பட்டிருந்தது. எனக்குத் தந்தது ஏசி இல்லாத வண்டிக்கு உரியது. என்னுடையது 65 ஆம்பியர் மின்னோட்டம் தருவது, வந்ததோ 45 ஆம்பியர். பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்ற காரணத்தைச் சொல்லித் திரும்ப வாங்க மறுத்தார்கள்.

பழைய புல்லியைக் கழற்றி இதில் மாட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தண்டின் அளவும் பெல்ட் ஓடும் கோடும் ஒத்துப்போனால் அதைச் செய்யலாம். எனக்குத் தடையாக நின்றது வயர்களைச் செருகும் கப்ளர். பழையதில் மூன்று பின்கள், புதியதில் இரண்டு. வயரை வெட்டி முறுக்கி இணைத்துத் தருவதாக மெக்கானிக் சொன்னதை நான் ஏற்கவில்லை. யாரும் ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பின்களில் ஒன்று டேஷ்போர்டு விளக்கிலிருந்து வருவது, இன்னொன்று பேட்டரியின் வோல்டேஜை ரெகுலேட்டருக்குத் தெரிவிப்பது. சில வண்டிகளில் ஒரு பின் என்ஜின் கம்ப்யூட்டருக்கே போகிறது. விளக்கின் வயர் இருக்க வேண்டிய இடத்தில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை நேரடியாக இணைத்தால் ரெகுலேட்டர் எரிந்துபோகலாம். மேலும், பல பழைய வண்டிகளில் ஆல்டர்நேட்டர் மின்சாரம் தயாரிக்கத் தொடங்குவதற்கான முதல் மின்னோட்டம் அந்தச் சிறிய பேட்டரி விளக்கின் வழியாகத்தான் செல்கிறது. ஆகவே சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லை என்றால், ஆல்டர்நேட்டரைக் குறை சொல்வதற்கு முன் பல்பைச் சோதியுங்கள்.

இரண்டாவதாக வாங்கியது ரீகண்டிஷன் செய்தது, அதாவது பழையதைப் பழுதுபார்த்து விற்பது. கப்ளர், புல்லி, துளைகள் எல்லாம் பொருந்தின. சுமை இல்லாதபோது 14.2 வோல்ட் காட்டியது. அன்று மாலை பெரும் நிம்மதியோடு வண்டியை நிறுத்தினேன். மறுநாள் இரவு முகப்பு விளக்கையும் புளோயரையும் (வண்டிக்குள் காற்று வீசும் விசிறி) சேர்த்துப் போட்டபோது 12.5-க்கு இறங்கிவிட்டது. ஐடிலிங்கில் எந்த ஆல்டர்நேட்டரும் முழு ஆம்பியரைத் தராது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு முகப்பு பல்புகள் சேர்ந்து எடுப்பதே ஏறத்தாழ 10 ஆம்பியர்; அதையும் ஒரு புளோயரையும் தாங்காவிட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது. மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட (AC) வோல்டேஜில் வைத்துப் பேட்டரியில் அளந்தேன், 0.9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே, மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடச் செய்யும் டையோடை ஐயப்பட வேண்டும். விற்றவர் "வண்டி ஓடினால் சரியாகிவிடும்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை, மாற்றித் தருவதாக அவரே ரசீதில் எழுதியிருந்த வரியைக் காட்டிய பிறகுதான் பணம் திரும்பியது. வாய்வார்த்தையை நம்பாமல் அதை எழுதி வாங்கியது ஒன்றுதான் அதுவரை நான் சரியாகச் செய்த காரியம்.

அதன் பிறகு பழைய ஆல்டர்நேட்டரின் உடலை மண்ணெண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடைத்தேன். கிரீஸுக்கு அடியில் லேபிள் இருந்தது. இரண்டு இலக்கங்கள் அழிந்திருந்தாலும் மற்றவை தெரிந்தன. ஆல்டர்நேட்டர் வேலையை மட்டுமே செய்யும் ஒரு எலக்ட்ரீஷியனிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் மாடலையோ ஆண்டையோ கேட்கவே இல்லை. எண்ணைப் பார்த்தார், துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும், புல்லி முன்புறம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் அளந்தார், பின்களின் வரிசையையும் சுழலும் திசையையும் சரிபார்த்தார். 90 ஆம்பியர் போட்டுவிடலாமா என்று நான் கேட்டபோது, வண்டியின் வயரும் ஃபியூஸும் 65-க்கு ஏற்றவை, அவற்றை மாற்றாமல் அது வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரியென்றே எனக்கும் பட்டது. அவர் தேர்ந்தெடுத்ததைச் சோதனை மேசையில் சுமை கொடுத்து ஓட்டிக் காட்டிய பிறகே பணத்தை வாங்கிக்கொண்டார்.

பொருத்துவதற்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று. பெல்ட்டையும் அப்போதே புதிதாக மாற்றிக்கொண்டேன். இறங்கிப்போயிருந்த பேட்டரியை முந்தைய இரவே சார்ஜரில் போட்டு நிரப்பியிருந்தேன். காலியான பேட்டரியைப் புதிய ஆல்டர்நேட்டரின் தலையில் கட்டினால் அது தொடக்கத்திலிருந்தே முழுச் சுமையில் சூடேறும்.

முகப்பு விளக்கு, புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டு ஐடிலிங்கில் அளந்தேன், 13.7 வோல்ட். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு முழுமையாக அணைந்திருந்தது. நம்பிக்கை வராமல் உள்ளங்கையால் வெளிச்சத்தை மறைத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பழையதை எலக்ட்ரீஷியனிடமே கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் லேபிளைப் படமெடுத்து, புதியதன் எண்ணையும் சேர்த்து வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த 45 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் மட்டும் பெட்டியோடு இன்னும் பரணில் இருக்கிறது.