சொந்த டொமைனில் இண்டிஆத்: ஹோஸ்டிங்காரரோடு மல்லுக்கட்டிய கதை

சொந்த டொமைனையே லாகின் அடையாளமாக்க இண்டிஆத் என்ற முறையைப் போடலாம் என்று நினைக்கிறவர்கள், பிளக்இன் தேடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். உங்கள் தளத்தில் கிடக்கும் ஏதாவது ஒரு படத்தின் முகவரியை பிரவுசரில் போட்டு, கடைசியில் கேள்விக்குறி, ஒரு எழுத்து, சமக்குறி, அப்புறம் வேறொரு தளத்தின் முழு முகவரியை எச்டிடிபிஎஸ்ஸோடு சேர்த்துத் தட்டுங்கள். படம் வந்தால் கொடுத்துவைத்தவர். 'அனுமதி இல்லை' என்று சொல்லும் 403 பிழை வந்தால் ஹோஸ்டிங் சப்போர்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நான் கட்டினேன்.

ஒரே அடையாளத்தை வைத்துப் பல தளங்களில் லாகின் ஆக உதவிய ஓபன்ஐடி காலத்திலிருந்தே என் டொமைன்தான் என் அடையாளம். அப்போதெல்லாம் முகப்பின் ஹெட் பகுதியில் இரண்டு லிங்க் வரிகள் போட்டால் போதும். கடவுச்சொல் கேட்கிற வேலையை வேறொரு சேவை பார்த்துக்கொள்ளும், அடையாளம் மட்டும் நம் முகவரியாகவே இருக்கும். அப்படி ஒரு சேவையான மைஓபன்ஐடி 2014 பிப்ரவரியில் மூடப்பட்டது. கூகுளும் 2015 ஏப்ரலில் ஓபன்ஐடி 2.0-வை நிறுத்தியது. ஓபன்ஐடியை ஏற்றுக்கொண்டிருந்த தளங்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டதில், அந்த இரண்டு வரிகளும் என் பக்கத்தில் சும்மா கிடந்தன. இண்டிஆத் 2018-இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் குறிப்பு ஆவணமாக (Note) வெளிவந்தது. அடித்தளம், கடவுச்சொல்லைக் கொடுக்காமலே செயலிகளுக்கு அனுமதி தரும் ஓஆத் 2.0 தான். ஆனால் லாகின் சர்வரை நம் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம். யார் கடையை மூடினாலும் நமக்குக் கவலை இல்லை. லாகின் கேட்கும் செயலியின் முகவரியே அதன் அடையாளமான கிளையன்ட் ஐடி என்பதால், எங்கும் போய்ப் பதிவு செய்து சாவி வாங்கும் தொல்லையும் கிடையாது.

வேர்ட்பிரஸ் பிளக்இன்னை நிறுவியதில் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் லாகினிலேயே 403. காரணம் இதுதான்: அனுமதி கேட்டு நம் தளத்துக்கு வரும் கோரிக்கையில் கிளையன்ட் ஐடி, திரும்பிப் போக வேண்டிய இடம், நம் அடையாளம் என்று முழு முகவரிகள் கேள்விக்குறிக்குப் பின்னால் வரிசைகட்டி நிற்கும். சர்வரில் காவல் நிற்கும் மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு மென்பொருளின் சில விதிகளுக்கு இது வெளியிலிருந்து கோப்பைத் திணிக்கும் தாக்குதலாகத் தெரியும். உடனே கதவைச் சாத்திவிடும். கோரிக்கை வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி வரைக்கும் போவதே இல்லை என்பதால் வேர்ட்பிரஸ் பக்கம் எவ்வளவு துருவினாலும் தடயம் கிடைக்காது.

சப்போர்ட் சாட்டில் வந்தவர், "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க சார்" என்றார். பண்ணினேன். "எல்லா பிளக்இன்னையும் டீஆக்டிவேட் பண்ணிப் பாருங்க." அதையும் பண்ணினேன். அடுத்து வந்தவர் முதலிலிருந்து ஆரம்பித்து, கேஷ் கிளியர் பண்ணச் சொன்னார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் மேலே சொன்ன படச் சோதனையைச் செய்து, இரண்டு முகவரிகளை அனுப்பினேன். கடைசியில் 'வணக்கம்' என்று போட்டால் படம் வருகிறது, அதே இடத்தில் ஒரு தளத்தின் முகவரியைப் போட்டால் 403. "படத்துக்கு எந்த பிளக்இன் சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் டிக்கெட் மேலிடத்துக்குப் போனது.

மேலிடம் என்ன செய்தது தெரியுமா? என் டொமைனுக்கு மாட்செக்யூரிட்டியை மொத்தமாக அணைத்துவிட்டது. இதற்குச் சம்மதிக்காதீர்கள். எந்த விதி தடுக்கிறது என்பது சர்வர் பதிவில் எண்ணோடு இருக்கும். அந்த ஒரு விதிக்கு மட்டும், அதுவும் லாகின் முகவரிக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். முடியாது என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாதீர்கள்.

லாகின் ஆனது. ஆனால் நம் தளத்துக்குப் பதிவு அனுப்ப போனில் வைத்திருக்கும் மைக்ரோபப் செயலியிலிருந்து ஏதாவது அனுப்பினால் 401, அதாவது 'நீ யாரென்று தெரியவில்லை' என்ற பிழை. லாகின் கொடுத்த அனுமதிச்சீட்டான டோக்கன் சரியாகத்தான் இருந்தது. அதைச் சுமந்து வரும் ஆதரைசேஷன் ஹெட்டரை, சிஜிஐ வழியில் (தனி நிரலாக) பிஎச்பியை ஓட்டும் அப்பாச்சி சர்வர் உள்ளே விடுவதில்லை. அப்பாச்சிக்கான கட்டளைகள் இருக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் செட்என்விஃப் கட்டளையால் அந்த ஹெட்டரை ஒரு மாறியில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த வரியை 'பிகின் வேர்ட்பிரஸ்', 'எண்ட் வேர்ட்பிரஸ்' என்ற இரண்டு குறிப்புகளுக்கு நடுவில் போட்டுவிடாதீர்கள். பெர்மாலிங்க் அமைப்பைச் சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியைத் தானே திருப்பி எழுதும், நம் வரி காணாமல் போகும். சில இணையப் பதிவுகளில் நடுவில்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள், நம்பாதீர்கள். மேலே, தனியாகப் போடுங்கள்.

இன்னொன்று. டபிள்யூடபிள்யூடபிள்யூ வைத்ததா இல்லாததா, எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதை முதலிலேயே தீர்மானித்து, மற்றதெல்லாம் அதற்குத் திரும்பும்படி செய்துவிடுங்கள். நமக்கு ஒரே தளம்தான், ஆனால் லாகின் கேட்கிற இடத்துக்கு அவை வேறு வேறு ஆட்கள். பின்னால் மாற்றினால் பழைய கணக்கு பழைய ஆளின் பெயரிலேயே நின்றுவிடும்.

இப்போது சொந்தத் தளக்காரர்கள் கூடும் இண்டிவெப் விக்கியில் என் டொமைன் பெயர்தான் என் பயனர் பெயர். அது தனி சந்தோஷம். டிக்கெட்டை மூடும்போது ஹோஸ்டிங்காரர்கள் எழுதிய காரணம்: "பிளக்இன் பிரச்சினை, வாடிக்கையாளரே சரிசெய்துகொண்டார்." போகட்டும். விதியின் எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக் குறித்து வைத்திருக்கிறேன். சர்வரை மாற்றினால் இந்த விலக்கு கூடவே வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.