மொழி தெரியாத வகுப்பறைக்கு மகளை அனுப்பும்போது

மூன்று வயது முடிந்த பிள்ளை. கழிப்பறை போக வேண்டும் என்றால் தமிழில் மட்டும்தான் சொல்லத் தெரியும். வகுப்பில் இருக்கும் யாருக்கும் தமிழ் தெரியாது. அப்போது என்ன செய்வீர்கள்? எந்த மழலையர் பள்ளியைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்டது இதைத்தான்.

"ஒரு மாதத்தில் ஆங்கிலம் பேசிவிடுவாள், கவலையே வேண்டாம்" என்று பெரும்பாலான இடங்களில் சொன்னார்கள். நான் கேட்டது ஒரு மாதத்துக்கு அப்புறம் நடப்பதைப் பற்றி இல்லை. முதல் நாள் காலை பத்து மணிக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றி. ஒரே ஒரு பள்ளியில், வகுப்பு ஆசிரியை பதில் சொல்வதற்கு முன் என்னை அறைக் கதவருகே கூட்டிக்கொண்டு போனார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் படங்கள் ஒட்டியிருந்தார்கள்: கழிப்பறை, தண்ணீர், வலி, தூக்கம். வந்து தொட்டுக் காட்டினால் போதுமாம். "இதையெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று உங்கள் குரலில் பதிவு செய்து கொடுங்கள், நாங்கள் பழகிக்கொள்கிறோம்" என்றார். அன்று இரவே பதிவு செய்து அனுப்பினேன். "உச்சா வருது", "வலிக்குது", "அம்மா இப்ப வந்துடுவாங்க" எல்லாம் அதில் இருந்தன. அகராதியில் இருக்கும் சொற்களை அனுப்பி என்ன பயன், அவள் வாயில் வருவது இவைதானே.

கணவரின் வேலை மாற்றத்தால் புது நாட்டுக்கு, பெரிய நகரத்துக்கு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வீடு தேட உதவி கிடைத்துவிடுகிறது. பள்ளி விஷயத்தில் கிடைப்பது ஒரு பட்டியல்தான். நீச்சல் குளம், இசை அறை, எத்தனை நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற எண்ணிக்கை என்று எல்லாப் பள்ளிகளின் விவரமும் ஒன்று போலவே இருக்கும். அதில் எங்கும் இல்லாதது, புது மொழியில் வந்து நிற்கும் குழந்தையை இவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இந்த வயதில் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது மொழிக்குள் நுழையும் சிறு குழந்தைகள் பொதுவாக ஒரே மாதிரியான பாதையில்தான் போகிறார்கள். முதலில் வீட்டு மொழியிலேயே எல்லோரிடமும் பேசிப் பார்ப்பார்கள். அது இங்கே எடுபடாது என்று புரிந்ததும் பேச்சு நின்றுவிடும். சைகை காட்டுவார்கள், கவனிப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். சில பிள்ளைகளுக்கு இது சில வாரம், சிலருக்குப் பல மாதம். பிறகு கேட்டுப் பழகிய சின்னச் சின்னத் தொடர்கள் அப்படியே வெளியே வரும். சொந்தமாக வாக்கியம் அமைப்பது அதற்கும் பின்னால்தான். இந்த மௌன காலத்தைத் தெரியாத ஆசிரியர், குழந்தைக்கு ஏதோ குறை என்று நினைத்துவிடக் கூடும்.

அதனால் என் இரண்டாவது கேள்வி: "இரண்டு மாதமாக ஒரு பிள்ளை இங்கே பேசவே இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?" வீட்டில் எப்படிப் பேசுகிறாள் என்று பெற்றோரிடம் கேட்போம், பதிலை எதிர்பார்க்காமல் அவளோடு பேசிக்கொண்டே இருப்போம், எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்துப் பேச வைக்க மாட்டோம் என்றால், விஷயம் தெரிந்தவர்கள். வீட்டில் தாய்மொழியில் சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளியில் மௌனமாக இருப்பது ஒன்று. வீட்டு மொழியிலும் பேச்சு வராமல் இருப்பது முற்றிலும் வேறு, அதற்குப் பேச்சு சிகிச்சை நிபுணரைத்தான் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டை அவர்களாகவே சொன்னால் இன்னும் நம்பிக்கை வரும். "வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்" என்று ஒரு பள்ளியில் அறிவுரை சொன்னார்கள். அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். என் மகள் பாட்டியோடு பேசும் மொழியை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொரு மொழியைக் கற்க வேண்டும் என்பதில்லை. வீட்டு மொழி வலுவாக இருந்தால் அடுத்த மொழிக்கும் அது துணைதான்.

சரி, பாடத்திட்டம். வெளிநாட்டில் வாழும் பெற்றோர் அதிகம் விவாதிப்பது இதைப் பற்றித்தான். என்னைக் கேட்டால் இந்த வயதில் அது இரண்டாம்பட்சம். ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது உள்ளேயும் இருக்கிறதா என்று சரிபார்க்கத் தெரிய வேண்டும். மாண்டிசோரி முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை ரோமில் 1907 ஜனவரியில் திறந்தார். இன்று அவர் பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பள்ளிக்கு வைத்துக்கொள்ளலாம். அது பொதுப்பெயர்தான் என்று அமெரிக்காவில் 1967இலேயே முடிவாகிவிட்டது. எனவே மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரே வகுப்பில் கலந்து இருக்கிறார்களா, காலையில் மூன்று மணி நேரம்போல இடையூறு இல்லாமல் வேலை செய்ய விடுகிறார்களா, ஆசிரியர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை மணியடித்து வகுப்பு மாறினால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது வேறு ஏதோ ஒன்று.

ஐபி (International Baccalaureate என்ற சர்வதேசக் கல்வி அமைப்பு) என்று சொல்லும் பள்ளிகளில், மூன்று வயது முதல் பன்னிரண்டு வரைக்கான அதன் பிஒய்பி (Primary Years Programme) திட்டத்துக்கு முழு அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, இல்லை இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் அந்த அமைப்பின் இணையதளத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்துப் பாணி என்றால் இஒய்எஃப்எஸ் (Early Years Foundation Stage), அதாவது ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்நாட்டு அரசு வகுத்த கல்வி விதிமுறை. 2008இல் நடைமுறைக்கு வந்தது, முழு ஆவணமும் இலவசமாகக் கிடைக்கிறது. நான் அதை உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு பள்ளிகளில் கேட்க வேண்டிய கேள்விகள் கூர்மையாகின. ரெஜியோ எமிலியா என்பது இத்தாலியில் உள்ள ஓர் ஊர். அங்கே வளர்ந்த முறை அழகானது, ஆனால் அதைப் பார்த்துத் தூண்டப்பட்டதாகத்தான் மற்ற ஊர்ப் பள்ளிகள் சொல்லிக்கொள்ள முடியும்.

பாடத்திட்டத்தைவிட எங்களைப் போன்றவர்களைப் பாதிப்பது வயதுக் கணக்கு. இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்ததை அடுத்து வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் என்ற தொடக்க வகுப்பு. அமெரிக்க முறையில் கிண்டர்கார்டன் ஐந்து வயதில், எந்தத் தேதிக்குள் ஐந்து வயது முடிய வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, சிங்கப்பூரில் ஜனவரியில். பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். ஒரே குழந்தை ஒரு முறையில் வகுப்பிலேயே மூத்தவளாகவும் இன்னொன்றில் இளையவளாகவும் போய்ச் சேரலாம். என் மகள் ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவள். இங்கிலாந்து முறையில் அவள் வகுப்பிலேயே சின்னவள். "ஒரு நிலை கீழே சேர்த்துக்கொள்வீர்களா" என்ற கேள்விக்குச் சில பள்ளிகள் வளைந்துகொடுத்தன, சில கொடுக்கவில்லை. பிறந்த தேதி இப்படி விளிம்பில் விழும் பெற்றோர் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, வகுப்பில் இருக்கும் பெரியவர்கள். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். சர்வதேசப் பள்ளிகளில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான். முடிந்ததும் பலர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதே வகுப்பில் உதவி ஆசிரியை ஒருவர் இருப்பார். உள்ளூர்க்காரர், பல வருடமாக அங்கேயே இருப்பவர். முகம் கழுவிவிடுவதும், அழும்போது தூக்குவதும், யாருக்கு எதைக் கண்டால் பயம் என்று தெரிந்துவைத்திருப்பதும் அவர்தான். பள்ளி விவரப் புத்தகத்தில் அவர் படம்கூட இருக்காது. நான் ஒவ்வொரு பள்ளியிலும் உதவி ஆசிரியையோடு பேச வேண்டும் என்று கேட்டேன். எத்தனை வருடமாக இங்கே வேலை செய்கிறீர்கள், பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கவனித்ததைப் பெற்றோரிடம் நேரடியாகச் சொல்ல முடியுமா என்று விசாரித்தேன். அவரைப் பேசவே விடாமல் சேர்க்கை அலுவலரே பதில் சொல்லிக்கொண்டிருந்த பள்ளி ஒன்று உண்டு. வசதிகளில் அதுதான் முதலிடம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பதையும் வகுப்பறையில் நின்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மூன்று வயதுக்கு மேல், தகுதிபெற்ற ஆசிரியர் இருந்தால் பதின்மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர், இல்லாவிட்டால் எட்டுக்கு ஒருவர் என்பது இங்கிலாந்தின் குறைந்தபட்ச விதி. பள்ளி மொத்தத்துக்கும் சராசரி போட்டுச் சொல்லும் எண்ணில் நூலகரும் நீச்சல் பயிற்சியாளரும் சேர்ந்திருக்கலாம். மதியம் பாதிப் பேர் தூங்கும் நேரத்தில் யார் இருக்கிறார்கள், ஆசிரியர் விடுப்பில் போனால் யார் வருவார் என்பதுதான் உண்மையான எண்.

பிரிந்து பழகும் முறையைப் பற்றி ஜெர்மனியில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு, பெர்லின் முறை என்பார்கள். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள், குழந்தையைப் பிரிக்க முயற்சியே நடக்காது. நான்காம் நாள் சில நிமிடம் மட்டும் வெளியே போய்ப் பார்ப்பார்கள். குழந்தையை அந்த ஆசிரியரால் சமாதானப்படுத்த முடிகிறதா என்பதை வைத்துத்தான் அடுத்த படி. மொழியும் புதிது, ஊரும் புதிது, வீடும் புதிது என்றிருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வாசலிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று சொல்லும் பள்ளியில், கொஞ்சம் நெகிழ்வு காட்ட முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் விடும் பள்ளிகள் இருக்கின்றன.

பேருந்து பற்றி ஒரு வரி: பெரிய நகரத்தில் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாமல் காலை நெரிசலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நாங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுத்தோம்.

அப்புறம், ஊரை விட்டுப் போவது. ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான், பெற்றோரின் நாட்டுக்கும் வாழும் நாட்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பண்பாட்டில் இந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று அடையாளம் காட்டினார். அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நடப்பது விடைபெறுதல். சர்வதேசப் பள்ளியில் நம் பிள்ளை போகாவிட்டாலும் அவளுடைய தோழி போவாள். வருடத்தின் நடுவில் ஒரு பிள்ளை போகும்போது வகுப்பில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எங்கள் பள்ளியில் போகிற பிள்ளைக்கு வகுப்பே சேர்ந்து படப் புத்தகம் ஒன்று செய்து கொடுக்கிறார்கள். அதன் பிரதி ஒன்று வகுப்பு அலமாரியிலும் இருக்கும். போனவளைப் பற்றிப் பிறகும் பேசலாம். கட்டடம் பழையது, விளையாட்டுத் திடல் சின்னது, ஆனாலும் நாங்கள் இங்கேயே சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கையெழுத்துப் போடும் முன் பணம் தொடர்பாக இரண்டு விஷயம். நிறுவனம் தரும் கல்விச் சலுகை மழலையர் வகுப்புக்கும் பொருந்துமா என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். பல இடங்களில் ஐந்து வயதுக்கு அப்புறம்தான் தருகிறார்கள். பள்ளியை விட்டு விலக ஒரு பருவத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் திரும்பாது என்பது வழக்கமான விதி. நமக்கு இடமாற்ற உத்தரவு அவ்வளவு முன்னதாக வருவதில்லை. நிறுவனத்தின் கடிதத்தைக் காட்டினால் இந்தக் காலக்கெடுவைத் தளர்த்துவார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு மாதமாகக் குறைத்துக் கொடுத்தார்கள்.